வெள்ளிக்கிழமை மட்டும் ஓய்ந்த இரைச்சல்

பொழுதுபோக்காக ரேடியோவில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் எங்கள் அமெச்சூர் வானொலிக் குழு சென்ற மாதம் தாம்பரத்தில் கூடியபோது, புதிதாக உரிமம் பெற்ற சிலர் வந்திருந்தார்கள். ஒருவர் பல் மருத்துவர், ஒருவர் வங்கி ஊழியர், இரண்டு பேர் மென்பொருள்காரர்கள். தொழில் வேறாக இருந்தாலும் புகார் ஒன்றுதான். ஆசை ஆசையாக ரேடியோ வாங்கி, மொட்டை மாடியில் ஏரியல் கம்பி கட்டி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் 'கிர்ர்' என்ற இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்பதில்லை.

"சார், உண்மையைச் சொல்லுங்க. பேசறதுக்கு ஊர்ல ஆளே இல்லையா, இல்ல என் காதுலதான் கோளாறா?" என்று கேட்டார் பல் மருத்துவர்.

"ஆள் நிறைய இருக்காங்க டாக்டர். உங்க வீட்டு பல்பும் சார்ஜரும்தான் அவங்களைப் பேச விடலை" என்றேன்.

சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், அதை எப்படிச் சரிசெய்வதென்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் வழிமுறை அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. அது யாரிடமிருந்து வந்தது, எங்கே கைகொடுத்தது என்பதைச் சேர்க்காமல் கொடுத்தால் மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும். எனக்கு எதையும் மாதத்தோடும் பருவத்தோடும் முடிச்சுப் போட்டு நினைவில் வைக்கும் பழக்கம் உண்டு. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

நான் வேலை பார்த்தது வான் அலைகளைக் கண்காணிக்கும் ஓர் அரசுப் பிரிவில். காவல்துறை, விமானம், கப்பல் என்று யாருடைய வயர்லெஸ்ஸில் வேண்டாத சத்தம் புகுந்தாலும் எங்களுக்குப் புகார் வரும். கூரையில் ஏரியல் வைத்த வேனில் புறப்பட்டு, அந்தச் சத்தம் எந்தத் தெருவில், எந்தக் கட்டிடத்தில் பிறக்கிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். ஐடிஐ முடித்த கையோடு வேலை கிடைத்தது. பயிற்சி வடக்கே. அங்கே கற்றதில் பாதி பாடம், மீதி குளிர் தாங்குவது. ஒரு கார்த்திகை மழையில் சென்னைக்கு வந்து சேர்ந்தேன். ஆல்வின் சாரின் வேனில் போட்டார்கள்.

ஆல்வின் சார் பல்லாவரத்து ஆங்கிலோ இந்தியர். நெட்டையான மனிதர். வெள்ளை அரைக்கைச் சட்டை, காலருக்குள் மடித்து வைத்த கைக்குட்டை. ஆங்கிலம் வீட்டில் கற்றது, தமிழ் பல்லாவரம் சந்தையில் கற்றது. முதல் நாளே என்னைக் காதுக்கருவியோடு உட்கார வைத்து, என்ன கேட்கிறது என்றார். 'டக டக டக' என்று சீராக ஒரு சத்தம். பயிற்சியில் படித்ததையெல்லாம் திரட்டி, ஏதோ தொழிற்சாலை இயந்திரமாக இருக்கலாம் என்றும், கிண்டிப் பக்கமாகத் தேடலாம் என்றும் சொன்னேன்.

"இன்னா மேன், நம்ம வேன் எஞ்சின் ஓடிகினு கீதே, அதை ஆஃப் பண்ணியா?"

எஞ்சினை அணைத்ததும் சத்தம் நின்றுவிட்டது.

"மொதல்ல உன் வூட்டு சத்தத்தை நிறுத்து மேன். அப்புறம் ஊரான் வூட்டுக்குப் போ" என்றார். நான் இன்றுவரை பின்பற்றும் முதல் விதி அதுதான்.

இரண்டாவது விதி வளைய ஏரியலைப் பற்றியது. வட்டமாக வளைத்த கம்பி அது. கையில் பிடித்து மெல்லத் திருப்பினால் சத்தம் கூடும், குறையும். சத்தம் எங்கே அதிகமோ அந்தப் பக்கம்தான் மூலம் இருக்கும் என்று எவரும் நினைப்பார்கள். ஆல்வின் சார் ஒப்ப மாட்டார். "பெருசா கேக்கற எடத்தை நம்பாத மேன், அது எல்லாப் பக்கமும் பெருசாத்தான் கேக்கும். எங்க செத்துப்போவுதுன்னு பாரு." அவர் சொன்னது சரி. வளையத்தைத் திருப்பிக்கொண்டே போனால் ஒரே ஒரு கோணத்தில் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். அந்தக் கோணம் கத்திமுனை போலக் கூர்மையானது. அது காட்டும் நேர்கோட்டில்தான் மூலம் இருக்கும்.

மூன்றாவது விதியைக் குரோம்பேட்டையில் பார்த்தேன். கப்பல் வயர்லெஸ்ஸில் ஒரு சீறல் புகுந்து, சுற்றிச் சுற்றித் தேடியதில் கோணம் ஒரு சின்னப் பட்டறையைக் காட்டியது. பிளாஸ்டிக் தாளில் மழைக்கோட்டு ஒட்டும் இடம். வானொலி அலையின் சூட்டால் தாளை ஒட்டும் இயந்திரம் அங்கே இருந்தது. சட்டைப்பையில் எங்களுக்கு உள்ளே நுழைய அதிகாரம் தரும் உத்தரவு இருந்தது. ஆல்வின் சார் அதை வெளியே எடுக்கவில்லை. வாசலிலேயே நின்றார். உரிமையாளர் வந்து கூப்பிட்ட பிறகுதான் உள்ளே போனார். கொடுத்த டீயை முழுவதும் குடித்தார். "எங்க ரேடியோவுக்கு ஒரு கஷ்டம். நீங்க ஹெல்ப் பண்ணணும்" என்று ஆரம்பித்தார். 'உங்களால்' என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை.

உரிமையாளருக்கு முகம் வெளிறிப்போய்விட்டது. "சார், மூடிடுவீங்களா?"

"மூடணும்தான். கடையை இல்ல, இந்த மிஷினை" என்று பின்பக்கத்தைக் காட்டினார் ஆல்வின் சார். சூடு தாங்கவில்லை என்று பின்பக்க இரும்புத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் அலை கப்பல்வரை போய்க்கொண்டிருந்தது. தகட்டுக்குப் பதில் இரும்பு வலை பொருத்தி, ஒரு மின்விசிறியும் வைக்கச் சொன்னார். அதற்கு முன்னால் இயந்திரத்தை ஒருமுறை அணைத்துப் பார்க்க வேண்டும். சுவிட்ச் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் தொடவில்லை. உரிமையாளரையே அணைக்கச் சொல்லி, காதுக்கருவியை அவர் காதில் வைத்தார். வரும் வழியில் ஏன் என்று கேட்டேன்.

"நாம பேப்பரைக் காட்டி ஆஃப் பண்ணா மிஷின் நிக்கும் மேன். நம்ம தலை மறைஞ்சதும் திரும்ப ஓடும். அவன் கையால ஆஃப் பண்ணி, அவன் காதால கேட்டான்னா நம்ம கட்சிக்கு வந்துடுவான்."

ஆல்வின் சார் ஓய்வு பெற்றார், சில ஆண்டுகளில் காலமானார். வேன் மாறியது, கருவிகள் கணினியாயின. ஓர் ஆனி மாதத்தில் நானும் ஓய்வு பெற்றுச் செம்பாக்கத்து வீட்டில் அமெச்சூர் நிலையம் வைத்துக்கொண்டேன். வேலையில் இருந்தபோது ஒரு வட்டாரத்துக்கு ஒன்றிரண்டு இரைச்சல் மூலம் இருந்தாலே பெரிது. இப்போது ஒவ்வொரு அறையிலும் நாலைந்து இருக்கின்றன. எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர், டிவி பெட்டியின் அடாப்டர், இன்வெர்ட்டர் எல்லாமே மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி வேலை செய்கிறவை. மலிவாகச் செய்யும்போது அந்த வெட்டும் சத்தத்தை உள்ளேயே அடக்கும் பாகங்களை விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே புதியவர்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை, ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயினை இறக்குவது. இரைச்சல் அடங்கினால் குற்றவாளி உங்கள் வீட்டிலேயே இருக்கிறான். பிறகு ஒவ்வொரு சுவிட்சாக ஏற்றிக்கொண்டே வந்தால் ஆள் அகப்படுவான். என் வீட்டில் அகப்பட்டது பூஜை அறை எல்இடி விளக்கு. "சாமி விளக்கைக்கூட விட்டு வைக்கலையா?" என்று என் மனைவி வசந்தா கேட்டாள். நல்லதாக வேறொன்று வாங்கி மாட்டும்வரை எனக்குக் காப்பி சூடாக வரவில்லை.

மெயினை இறக்கியும் இரைச்சல் அடங்காவிட்டால்தான் கஷ்டம். இனிச் சொல்லப்போவது அப்படிப்பட்ட கதை.

மாடம்பாக்கத்தில், கோயிலுக்குப் பின்தெருவில் முதல் மாடியில் இருக்கிறார் கஸ்தூரி அக்கா. தொலைபேசி நிலையத்தில் டிரங்க் கால் போட்டுக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராக இழுத்துக் கட்டிய கம்பியில், கடல் இரைவது போன்ற சத்தத்துக்கு நடுவே, மறுமுனைக்காரர் சொல்லும் எண்ணைப் பிடித்துப் பழகிய காது. எங்கள் குழுவுக்கும் தென்மாவட்டக்காரர்களுக்கும் சேர்த்துத் தினமும் காலையில் 'நெட்' உண்டு. எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடி, ஒருவர் பின் ஒருவராகப் பேசும் நேரம் அது. யார் எப்போது பேசலாம் என்று வரிசைப்படுத்தி நடத்துகிறவர் அக்கா. புயல் மழைக் காலங்களில் கரையோரத்துச் செய்திகளும் அதில் வரும். நடத்துகிறவருக்கு மிக மெல்லிய குரலும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்தக் குரல் இல்லாதது போலத்தான்.

அக்காவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. கணவர் முன்பே போய்விட்டார். ஒரே மகன் பிரசன்னா புனேயில். தன்னோடு வந்துவிடும்படி அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவனுடைய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏரியல் கட்ட அனுமதி இல்லை. "காலைல எனக்கு வேலை இருக்குடா" என்று அக்கா தட்டிக் கழித்து வந்தார்.

ஆடி மாதம் அந்த வேலைக்கு ஆபத்து வந்தது. நெட் தொடங்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் ஓர் இரைச்சல் கிளம்பும். பொழுது சாயும்வரை நிற்காது. ரேடியோவில் சத்தத்தின் பலத்தைக் காட்டும் முள் ஒன்பதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பக்கத்து ஊர்க்காரர் குரல்கூட அதற்குள் மூழ்கிவிடும். வேறொருவர் நெட்டை நடத்த வேண்டியதாயிற்று. இது தெரிந்ததும் பிரசன்னா போனில் கேட்டான்: "ரேடியோவும் கேக்கலைன்னா அப்புறம் அங்க என்னம்மா இருக்கு?" தீபாவளிக்கு வந்து அழைத்துப் போவதாகவும், வீட்டைப் பூட்டிவிடுவதாகவும் முடிவாயிற்று.

"அவன் சொல்றதும் நியாயம்தான் தேவா" என்றார் என்னிடம். என் பெயர் தேவநாதன். "சும்மா உக்காந்திருக்க இந்த வீடு எதுக்கு? ஆனா எனக்கு சும்மா உக்காரத் தெரியலையே."

அக்கா வீட்டு மெயினை இறக்கிப் பார்த்தேன். இரைச்சல் அசையவில்லை. மாடியில் வளைய ஏரியலைத் திருப்பினேன். இரண்டு இடங்களில் நின்று பார்த்தும், சத்தம் அடங்கும் கோணம் ஒரே கட்டிடத்தைக் காட்டியது. எதிர்ச்சாரியில் தணிகாசலம் என்பவரின் மூன்று மாடி வீடு. அந்த ஊரின் பழைய குடும்பம். ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது வாடகை வீடுகள் வைத்திருக்கிறார். அவர் வீட்டு மொட்டை மாடியில் பளபளவென்று சோலார் தகடுகள். அவற்றைப் பொருத்தியதும் அதே ஆடி மாதம். இரைச்சலும் பகலில் மட்டும்தான்.

எங்கள் பொழுதுபோக்குக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. இரைச்சல் என்றதும் அக்கம்பக்கத்து மாடிகளை அண்ணாந்து பார்ப்போம். எது புதிதோ அதன்மேல் பழி. கேபிள் டிவி வந்தபோது கேபிள் டிவி, செல்போன் கோபுரம் வந்தபோது கோபுரம். இப்போது சோலார். சோலாரின் இன்வெர்ட்டர் உண்மையிலேயே இரையக்கூடியது என்பதால் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் எழவில்லை. குழுவின் உற்சாகப் பேர்வழி ஜெகன், சேலையூரில் செல்போன் கடை வைத்திருப்பவர், நான் கிளம்புவதற்குள் தணிகாசலத்தின் வீட்டுக்கே போய்விட்டார். முகம் சிவந்து திரும்பினார்.

"என்னப்பா சொன்னே அவர்கிட்ட?"

"உங்க சோலாரால ஏரியாவே கெட்டுப்போச்சு, கம்ப்ளைன்ட் குடுத்தா சீல் வெச்சிடுவாங்கன்னேன் அண்ணா."

"அவர் என்ன சொன்னார்?"

"சூரியனை உங்க ரேடியோவுக்கு எவன் பட்டா போட்டு குடுத்தான்னு கேட்டாரு."

சில நாள் ஆற விட்டேன். பிறகு தனியாகப் போனேன். வாசலில் நின்றேன். தணிகாசலம் மேலும் கீழும் பார்த்தார்.

"நீயும் ரேடியோ பார்ட்டியா?"

"ஆமாங்க. எங்க தம்பி பேசினது தப்பு. அதுக்கு மன்னிப்பு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

கதவை முழுவதும் திறந்தார். "உள்ள வாங்க சாரே" என்றார். மோர் வந்தது. முழுவதும் குடித்தேன். சோலாரைப் பற்றிக் கேட்டதும் அவருக்குக் குஷி பிறந்துவிட்டது. எந்தத் தகடு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, தென்னை மர நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழும் என்று எல்லாம் சொன்னார். அவர் சொல்லி முடித்த பிறகு அக்காவின் விஷயத்தைச் சொன்னேன்.

"டெலிபோன் அக்காவா? ஊரை வுட்டே போவுதா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை ஏன் அந்தத் தம்பி சொல்லல?"

"எங்க ரேடியோவுக்கு ஒரு கஷ்டம். சோலார் சுவிட்சை நீங்களே ஒரு நிமிஷம் அணைச்சுப் பாக்க முடியுமா?"

மாடிக்குப் போனோம். அக்காவுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தேன். தணிகாசலம் தன் கையால் சுவிட்சை இறக்கினார்.

"அப்படியேதான் இருக்கு தேவா" என்றார் அக்கா.

ஏற்றினார். "அப்படியேதான்." இன்னொரு முறை இறக்கி, கொஞ்சம் காத்திருந்தும் பார்த்தோம். முள் நகரவில்லை.

தணிகாசலத்தின் சிரிப்பு தெருமுனைவரை கேட்டிருக்கும். "பாத்தியா சாரே? சூரியன் யோக்கியன்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோணம் இந்தக் கட்டிடத்தைத்தான் காட்டுகிறது. இருந்த ஒரே சந்தேகமும் பொய்யாகிவிட்டது. தீபாவளிக்கு அதிக நாள் இல்லை. அக்காவுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "வேற எப்பவாவது இது நிக்குதா அக்கா?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் கொஞ்ச நேரம் நல்லா கேக்குதுப்பா. சாப்பாட்டு நேரம், நெட்டும் இல்ல. அதனால பெருசா எடுத்துக்கலை."

தணிகாசலத்தின் சிரிப்பு நின்றது. தலையைச் சாய்த்து, கீழ்த்தளத்தின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை மத்தியானமா? கீழ பாய் தொழுகைக்குப் போற நேரமாச்சே. மத்த நாள்ல ஷிப்டு மாத்தி மாத்தி சாப்புடுவாங்க. அன்னிக்கு அந்த நேரத்துலதான் தையல் மிஷின் எல்லாமே நிக்கும்."

கீழ்த்தளத்தின் பின்பகுதியில் சாகுல் என்பவரும் அவர் மனைவி மும்தாஜும் நைட்டி தைக்கும் பட்டறை வைத்திருந்தார்கள். ஆறு மின் தையல் இயந்திரங்கள். பழைய மோட்டார்களை மாற்றி, மின்சாரம் குறைவாக இழுக்கும் எலக்ட்ரானிக் மோட்டார்களை ஆடித் தள்ளுபடியில் வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். மேலே சோலார் வந்த அதே ஆடி.

"இரு சாரே, நான் போய் நிறுத்தச் சொல்றேன்" என்று படியிறங்கினார் தணிகாசலம். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாங்க. நீங்க சொன்னா அது வீட்டுக்காரர் உத்தரவாயிடும். நான் கேக்கறேன். அவங்களே அணைக்கட்டும்."

வாசலில் நின்று அழைத்தேன். சாகுல் வெளியே வந்தார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கண் என் தோளுக்குப் பின்னால் நின்ற தணிகாசலத்தின் மேல் போய்விட்டது. மும்தாஜ் பின்னாலேயே வந்து நின்றார்.

"தீபாவளி ஆர்டர் சார். எல்லாப் பொண்ணுங்களும் இதை நம்பிதான் வர்றாங்க. மிஷினை நிறுத்தச் சொன்னா நாங்க எங்க போறது?"

"வாடகை எடம் சார்" என்றார் சாகுல் தணிந்த குரலில். "பிரச்சினைன்னா காலி பண்ணச் சொல்லிடுவாங்க."

"யாரு பாய் உன்னைக் காலி பண்ணச் சொன்னது?" என்றார் தணிகாசலம். "எனக்கே சீல் வெக்கறேன்னாங்க. நானே மோர் குடுத்து உக்கார வெச்சிகினு கீறேன். சார் சொல்றத கேளு."

"மிஷின் நிக்க வேண்டாம்மா" என்றேன். "அதுல இருந்து ஒரு சத்தம் கம்பி வழியா வெளிய போகுது. அதை மட்டும் நிறுத்தினா போதும். ஒரே ஒரு தடவை, ஒவ்வொண்ணா நீங்களே அணைச்சுக் காட்டுங்க."

மும்தாஜ் முதல் இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தார். போனில் அக்கா, டிரங்க் கால் போட்ட நாளின் குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். "ஒண்ணு, இருக்கு. ரெண்டு, இருக்கு. மூணு, கொஞ்சம் இறங்குது." தையல் வேலைக்கு வந்த பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்கள். "நாலு, இறங்குது. அஞ்சு."

ஆறாவது அணைந்தது. "நின்னுடுச்சு தேவா" என்றார் அக்கா. பிறகு அக்காவின் குரலுக்குப் பின்னால், ரேடியோவிலிருந்து ஓர் ஆணின் குரல் மெல்லிசாகக் கேட்டது. நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. மழையைப் பற்றி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"யாரு சார் இது?" என்றார் மும்தாஜ்.

"அக்கா இத்தனை நாளா கேக்க முடியாம இருந்த ஆளும்மா."

மும்தாஜ் போனுக்கு அருகில் வந்து, அந்தக் குரல் நிற்கும்வரை கேட்டார். "சரி சார், இன்னா செய்யணும் சொல்லுங்க" என்றார்.

பட்டறையைச் சுற்றிப் பார்த்தேன். இயந்திரங்களின் பிளக்குகள் மூன்று முனை கொண்டவை. இருந்த பிளக் பெட்டியில் நுழையவில்லை என்று எர்த் முனையைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். ஒயர்கள் துணிக்கொடி மாதிரி கூரையில் நீளத் தொங்கின. மோட்டார்கள் போடும் சத்தத்துக்குப் போக வேறு வழியில்லை. தொங்கும் ஒயர்களே அதற்கு ஏரியலாகிவிட்டன.

"மிஷினைத் தொட்டா ஷாக் அடிக்குதா?" என்று கேட்டேன்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஊசி மாத்தறப்போ சுர்ருன்னு இழுக்கும் சார்" என்றார் மும்தாஜ். "அதான் எல்லாம் செருப்பு போட்டுகினே உக்காருவாங்க. புது மிஷின்னா அப்டித்தான் இருக்கும்னு நெனச்சோம்."

தணிகாசலம் அதிர்ந்துபோனார். "இதை ஏம்மா எங்கிட்ட சொல்லல? கரண்டு வெளையாட்டா?"

எர்த் போட எலக்ட்ரீஷியன் மறுநாளே வந்தார். அதை அவர்கள் ஒத்திப்போடவில்லை. மற்ற வேலைகளுக்கு எங்களுக்குக் கிடைத்த நேரம் வெள்ளிக்கிழமை இடைவேளை மட்டும்தான். சீசனில் வேறு எந்த நேரத்திலும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாகுல் பள்ளிவாசலுக்குக் கிளம்பியதும் நானும் ஜெகனும் உள்ளே போவோம். பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்து ஓர் ஓரமாக உட்காருவார்கள். முதல் நாள் ஜெகனைப் பார்த்ததும் தணிகாசலம் விடவில்லை.

"வா தம்பி, வா. சூரியனுக்கு சீல் வெச்சாச்சா?"

"மன்னிச்சிடுங்கண்ணா."

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். அந்த ஏணியப் புடி."

ஒயர்களைக் குறுக்கி, சுவரோடு சேர்த்துக் கட்டினோம். ஒவ்வொரு மோட்டார் பெட்டிக்குப் பக்கத்திலும் ஒரு ஃபெரைட் வளையத்தில் ஒயரை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றினோம். இரும்புப் பொடியைச் சுட்டுச் செய்தது போன்ற கறுப்பு வளையம் அது. மின்சாரத்தைத் தன் பாட்டுக்குப் போகவிடும். அதன்மேல் சவாரி செய்யும் இரைச்சலை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

"இன்னா சார் இது, கருகின வடை மாதிரி கீது?" என்றார் மும்தாஜ்.

"ஆமாம்மா. ஒயருக்கு வடை மாலை."

பெண்கள் சிரித்ததில் ஒருத்திக்குப் புரையேறிவிட்டது.

முதல் வெள்ளிக்கிழமை மூன்று இயந்திரங்கள். இரைச்சல் கொஞ்சம்தான் இறங்கியது. ஜெகன் சோர்ந்துபோனார். பல ஓட்டை உள்ள குடத்தில் இரண்டை அடைத்தால் ஒழுகல் நின்றதாகத் தெரியாது, கடைசி ஓட்டையில்தான் தெரியும் என்று சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை மீதி மூன்றையும் முடித்து, மெயின் பலகையில் ஒரு வடிகட்டியும் வைத்தோம். அக்காவின் ஏரியல் கம்பி தெருப்பக்கமாக, தணிகாசலம் வீட்டை நோக்கி நீண்டிருந்தது. அதைக் கழற்றி, கோயில் பக்கத்து மூலைக்கு மாற்றிக் கட்டினோம். ஏரியலிலிருந்து இறங்கும் கேபிளிலும் ஒரு வளையம்.

முள் ஒன்பதிலிருந்து மூன்றுக்கு வந்தது. பூஜ்யத்துக்கு வரவில்லை, இனி வரவும் வராது. புதியவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் காலத்துப் புறநகரில் இரைச்சலை ஒழிக்க முடியாது. பேசுகிறவரின் குரலுக்குக் கீழே அதை உட்கார வைக்க முடியும். அது போதும்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் பிரசன்னா வந்தான். கையில் இரண்டு காலிப் பெட்டிகள், அம்மாவின் சாமான்களுக்கு. வங்கக் கடலில் தாழ்வு நிலை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை நானும் அங்கே இருந்தேன். எதிர்வீட்டில் ஆறு இயந்திரங்களும் ஓடும் சத்தம் காற்றில் வந்தது. அக்கா ஹெட்போனை மாட்டாமல், மகனுக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைத் திருப்பி வைத்தார். நெட்டை நடத்தித் தரும் பொறுப்பை அன்று அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

ஒவ்வொருவராக வந்து போனார்கள். எல்லோரும் முடித்த பின்பும் அக்கா கையை உயர்த்தி, எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். எனக்கு ஏதோ ஒன்று இருப்பது போலத் தோன்றியது. சொல் பிடிபடவில்லை.

"எனக்கு வெறும் காத்து சத்தம்தாம்மா கேக்குது" என்றான் பிரசன்னா.

"இருடா. ஒருத்தர் கூப்பிடறார்."

வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒருவர். முந்தைய நாளிலிருந்து அங்கே மின்சாரம் இல்லை, செல்போனும் இல்லை. சிறிய பேட்டரியில் பேசிக்கொண்டிருந்தார். அக்கா ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்லி, சரியா என்று கேட்டு வாங்கினார். காற்று, மழை நிலவரம் சொன்ன பிறகு ஒரு வேண்டுகோள். தாம்பரத்தில் இருக்கும் தன் தங்கைக்கு, அப்பாவைப் பள்ளிக்கூடக் கட்டிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம், எல்லோரும் நலம் என்று சொல்ல வேண்டும். நெட் முடிந்ததும், அவர் சொன்ன தங்கையின் எண்ணுக்கு அக்கா போன் செய்தார்.

"நான் மாடம்பாக்கத்துலேருந்து பேசறேன்மா. உங்க அண்ணன் ரேடியோல பேசினார். அப்பா நல்லா இருக்காராம்."

மறுமுனையில் அந்தப் பெண், "எங்க அண்ணாவா? நீங்க கேட்டீங்களா? அவர் குரலை நீங்களே கேட்டீங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டதும், அப்புறம் அழுததும் அறை முழுக்கக் கேட்டது. பிரசன்னா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். அக்கா போனை வைத்துவிட்டு, "காப்பி போடட்டுமா?" என்று எழுந்தார்.

நான் கிளம்பியபோது வழியனுப்ப அவனும் என்னோடு இறங்கினான். பாதிப் படியில் நின்றுவிட்டான். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஒன்றுமில்லை. சுவரில் அக்காவின் கை பட்டுப் பட்டுச் சுண்ணாம்பு கறுத்திருந்தது. அதைத் தடவிப் பார்த்தான்.

"அங்கிள், இந்தப் படிக்குக் கைப்பிடி போடணும். இங்க நல்ல வெல்டர் யாராவது தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

தீபாவளி முடிந்து, அவன் காலிப் பெட்டிகளோடு புனேக்குப் போன பிறகு வெல்டர் வந்தார். அவர் தீப்பொறி பறக்க வைத்த நிமிடத்தில் ரேடியோவின் முள் கோடிக்குப் போய் முட்டிக்கொண்டது. உலகத்தில் ஒரு நிலையமும் கேட்கவில்லை. அன்று நெட்டை வேறொருவர் நடத்தினார். நான் அக்காவைப் போனில் கூப்பிட்டு, அந்த ஆளிடம் பேசி ஏதாவது செய்து தரட்டுமா என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யாதே தேவா" என்றார் அக்கா. பின்னால் வெல்டிங் சத்தம் ரேடியோ வழியாகவும் ஜன்னல் வழியாகவும் சேர்ந்து கேட்டது. "இன்னிக்கு ஒரு நாள் இதையே கேட்டுட்டு இருக்கேன்."